எங்கள் கூரையில் மட்டும் பனி நிற்பதில்லை

1

பனி பெய்த மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எங்கள் வீடு எது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் மூடிப்போன ஒரு பழைய ஊர் இது. ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். வீடுகள் தனித்தனி என்றாலும் கூரை தெரு நீளத்துக்கு ஒன்றுதான். பனி விழுந்தால் அது முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். எங்கள் வீட்டுக்கு மேலே மட்டும் கருப்புக் கல் ஓடு ஈரமாக அப்படியே தெரியும், வெள்ளை வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி.

இந்த வருடமும் தை மாதம், அப்பாவின் திதி வருகிற வாரத்தில்தான் பனி கொட்டியது. என் மகள் இனியாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா மேலதான் இருக்காங்க" என்றாள். தாத்தா மட்டும் தமிழ், மீதி ஆங்கிலம். இப்போதெல்லாம் அவள் பேச்சில் தமிழ் அந்த அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல பனி நிக்காதுல்ல?"

அதட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. ஏனென்றால் எனக்கும் அந்த எண்ணம் உண்டு. இந்த வீட்டில் இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்தில் அப்பா இறந்தார். அதிலிருந்து காற்றடிக்கிற நாட்களில் மேலே யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்கும். அப்பா அப்படித்தான் நடப்பார். ஓடு அசைகிறது என்பார் என் கணவர் சண்முகம். அசையட்டும். ஓடு ஏன் அப்பா மாதிரி அசைய வேண்டும்?

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் வீட்டுக்கும் மார்க் போடுகிறார்கள். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்குமே, அது மாதிரி வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து. மூட்டிய சூடு எவ்வளவு உள்ளே தங்குகிறது, எவ்வளவு ஒழுகிப் போகிறது என்பதற்கான மார்க் அது. ஏ என்றால் கெட்டிக்கார வீடு. ஜி என்றால் ஓட்டைப் பானை. சில விலக்குகள் தவிர, இ-க்குக் கீழே வாங்கிய வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்பது சட்டம். மீறினால் வீட்டுச் சொந்தக்காரருக்கு அபராதம்.

அப்பா இங்கே வந்திருந்த கோடையில் இதை அவருக்கு விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூரு வீடெல்லாம் சித்திரை மாசத்துல பரீட்சை எழுதட்டும் தாயி. ஒண்ணும் தேறாது" என்றார்.

அவருக்கு அதைச் சொல்லத் தகுதி உண்டு. சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. கிணறு வற்றியதும் அப்பா நிலத்தை விற்று, திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் வரிசையாக நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். முன்னால் இருக்கிற ஒன்றில் நாங்கள் இருந்தோம். வாடகை விஷயத்தில் கறார், ஆனால் கூரை ஒழுகினால் குடித்தனக்காரர் வந்து சொல்லும்வரை காத்திருக்க மாட்டார். "கூரைக்கு வீட்டுக்காரன் பொறுப்பு, அடுப்புக்குக் குடியிருக்கவன் பொறுப்பு" என்பது அவர் எழுதாத ஒப்பந்தம்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒரு குடும்பம் காலி செய்து போனால், அடுத்த குடும்பம் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அவரே உள்ளே போவார். சுண்ணாம்பு அடிக்க ஆள் வைப்பார், ஆனால் பரணை மட்டும் யாரிடமும் விடமாட்டார். போனவர்கள் போட்டுவிட்டுப் போன உடைசல், கிழிசல், காலி டப்பா எல்லாவற்றையும் அவரே இறக்கிக் கழித்துவிட்டு, உத்திரத்தில் மூன்று விரலால் திருநீறு இழுத்துவிட்டுத்தான் இறங்குவார். ஒருத்தன் குப்பை பரணில் கிடந்தால் அவன் கஷ்டமும் அங்கேயே கிடக்கும், கீழே படுக்கிறவன் தலையில் இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. அம்மா அதைக் கேலி செய்வாள். குடிவந்த யாரும் கேலி செய்ததில்லை.

3

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கிறேன். அடுத்தவர் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு என் பிள்ளையின் நெஞ்சு இழுப்பதை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இனியா படுக்கும் அறையின் கூரை மூலையில் கருப்பாகப் பூசணம் பூக்கும். துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருமல். போன வருடம் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் பெயர் கீத். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒற்றை ஆள், பக்கத்து ஊரில் இருக்கிறார். இது அவருடைய அம்மாவின் வீடு. அந்த அம்மாள் இங்கேதான் கண்ணை மூடினாராம். நல்ல மனிதர்தான், ஆனால் பூசணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும், "சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நீங்கள் நிறைய வேகவைக்கிறீர்கள்" என்பார். சோறு வடிக்காமல் பின்னே எதைத் தின்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் பனி பெய்தபோது கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி என் கைப்பேசியில் தெருவின் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கள் கூரைக்குள் ஒன்றுமே இல்லை. நீங்கள் மூட்டுகிற சூடு நேராக மேலே போய்ப் பனியை உருக்குகிறது." இங்கே பரணில் சாண் கனத்துக்குக் கண்ணாடி இழைப் பஞ்சைப் பரப்பி வைப்பார்களாம். வீட்டுக்குப் போர்த்திய கம்பளி அது. அதைப் போடவேண்டியது வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! கூரைக்குப் பொறுப்பேற்காத வீட்டுக்காரனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இந்தக் குளிர்காலம் தொடங்கி இனியாவுக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்ததும் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்துவிட்டேன். கவுன்சில் என்றால் நம் மாநகராட்சி மாதிரி. போனில் பேசிய பெண்ணிடம் "கரண்ட் பில் தாங்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கே கரண்ட் என்றால் 'நடப்பு', அவளுக்கு அது "இந்த மாத பில்" என்று கேட்டிருக்கிறது. "போன மாதம் பரவாயில்லையா?" என்றாள். இத்தனை வருடம் ஆகியும் என் ஆங்கிலம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. ஆனால் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்பதை மட்டும் பிழையில்லாமல் சொன்னேன். பழைய சான்றிதழில் இ இருக்கிறது, ஆள் அனுப்பி மறுபடி அளந்து பார்க்கச் சொல்கிறோம், எஃப் வந்தால் வீட்டுக்காரர்மேல் நடவடிக்கை எடுப்போம் என்றார்கள்.

எஃப் வரவேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4

அளக்கிறவர் பனி பெய்த அந்த வாரமே வந்தார். கீத்தும் வந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. புகார் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியும்.

அளக்கிறவர் சுவரைத் தட்டினார், ஜன்னலை அளந்தார், பாய்லரைப் படம் எடுத்தார். பிறகு ஏணியைப் போட்டுப் பரண் கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டார்.

"இங்கே பஞ்சு எதுவும் இல்லையே" என்றார் மேலிருந்து.

"நன்றாகப் பாருங்கள். நானே போட்டது" என்றார் கீத்.

"ஓட்டுச் சரிவில் எட்டாத இண்டு இடுக்கில் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. மற்றபடி சுத்தமாகப் பெருக்கி வைத்திருக்கிறார்கள்."

கீத்தின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "என் கையால் பரப்பினேன். யார் எடுத்தது?"

"நீங்க எப்பப் போட்டீங்க, நாங்க எப்ப எடுத்தோம்?" என்று நானும் எகிறினேன். போடாததைப் போட்டேன் என்று சாதிக்கிறாரே என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது.

அப்போது அளக்கிறவர் கேட்டார்: "இந்த உத்திரத்தில் வெள்ளையாக மூன்று கோடு இருக்கிறதே, எலெக்ட்ரிசியன் போட்ட அடையாளமா?"

அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறினேன். ஏணியில் ஏறி அந்த இருட்டுக்குள் தலையை நீட்டியது அன்றுதான் முதல் தடவை. டார்ச் வெளிச்சத்தில் உத்திரம் தெரிந்தது. மூன்று விரல் இழுத்த திருநீறு. நடுக்கோடு மட்டும் கொஞ்சம் நீளம். நாகல்நகர் வீடுகள் நான்கிலும் நான் பார்த்து வளர்ந்த அதே பட்டை.

அங்கேயே நின்று அழுதேன். கீழே இருந்த இரண்டு ஆண்களுக்கும் என் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

5

எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தது வசந்தத்தில். குளிரில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியவே தெரியாது. கோடையில் அப்பா வந்து இறங்கினார். பால் காய்ச்சிய படத்தைக் காட்டியதும் முதல் கேள்வியே, "பரணைச் சுத்தம் பண்ணாமயா பால் காச்சுனீக?" என்பதுதான். கீத்தின் அம்மா இங்கே இறந்த கதையைச் சொன்னபோது கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வேலைக்கும் இனியா பள்ளிக்கும் போயிருந்த ஒரு நாள், சாயங்காலம் நான் திரும்பி வந்ததும், "மேல எல்லாத்தையும் கழிச்சு விட்டுட்டேன் தாயி" என்று சொன்னார். ஒட்டடையும் தூசியும் என்று நினைத்து, "எதுக்குப்பா ஒங்களுக்கு இந்த வேலை" என்றதோடு சரி. பக்கத்து வீட்டில் அப்போது மராமத்து நடந்தது. இடிசலைக் கொட்டப் பெரிய இரும்புத் தொட்டி வாசலில் நின்றது. அதில்தான் மூட்டைகளைப் போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவருக்குக் கையெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. "இந்த ஊரு தண்ணி ஒத்துக்கல" என்றார். தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்க அரிப்பு கூடியது. ஊருக்குப் போகிறவரை சொறிந்துகொண்டே இருந்தார். கண்ணாடி இழை அவர் தோலில் ஏறியிருந்திருக்கிறது. இப்போது தெரிகிறது, இப்போது தெரிந்து என்ன?

அளக்கிறவர் எஃப் என்று சொல்லிவிட்டுப் போனார். கீத்தும் கிளம்பினார். கார் வரைக்கும் அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயதான மனிதர், பனியில் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்.

சண்முகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஊர் ஒட்டன்சத்திரம் தாண்டி. யோசித்துத்தான் பேசுவார்.

"சொல்லாம உட்டுரு புள்ள" என்றார். "மாமன் பண்ணுனதுன்னு ஆருக்குத் தெரியும்? அவருதான் போடோணும்னு சட்டம் சொல்லுது. போட்டுத் தரட்டும். நாம போயிச் சொன்னா, வீட்டையே காலி பண்ணச் சொன்னாலும் சொல்லிப்போடுவாரு. புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பிள்ளைக்குக் கதகதப்பான வீடு கிடைக்கும். கீத் போடாத பஞ்சைப் போட்டதாகச் சொன்ன பொய்யர் ஆவார். வாயைத் திறந்தால், செத்துப்போன அப்பாவை, அதுவும் அவர் திதி வாரத்தில், அந்நியன் முன்னால் குற்றவாளியாக நிறுத்தவேண்டும். அவரால் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. இரண்டில் எதுவும் எனக்குச் சம்மதமாக இல்லை.

6

திதியன்று திண்டுக்கல்லில் தம்பி செல்வம் எல்லாம் முறைப்படி செய்தான். காக்கைக்குச் சோறு வைத்ததை வீடியோவில் காட்டினான். அப்பா போனபோது நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதிலிருந்து வருடாவருடம் இந்தக் காக்கைதான் எனக்கு.

"ஏலே, அப்பா இங்கருந்து வந்தப்ப இந்த வீட்டைப் பத்தி என்னமும் சொன்னாராடா?" என்று கேட்டேன்.

"என்னக்கா இப்பிடிக் கேட்டுட்ட? தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே. பரண் முழுக்கப் பஞ்சு கெடந்துச்சாம்ல. அந்த வெள்ளக்காரக் கெழவி சீக்குல படுத்த மெத்தையப் பிரிச்சு மகன்காரன் மேல பரத்தி வச்சிட்டான்னாரு. 'செத்தவ மெத்தைக்குக் கீழ எம் பேத்தி படுக்கவா? அம்புட்டையும் அள்ளி எறிஞ்சிட்டு வந்துட்டேன். இனி எம் மகளுக்கு அந்த வீட்டுல ஒரு கொறையும் வராது'ன்னு குடியிருக்கவுக எல்லாருகிட்டயும் சொன்னாரு."

கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"ஏக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. காக்கா எடுத்துச்சா?"

"ஒடனே வந்து எடுத்துருச்சுக்கா."

அப்பாவின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மூன்று குளிர்காலம் என் பிள்ளையைக் குளிரில் போட்டது அவருடைய அன்புதான். குற்றம் சொல்ல ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பேத்தி தலைக்கு மேலே ஒன்று கிடக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்திருந்தால், அவர் என் அப்பாவே இல்லை. நாகல்நகரில் அவர் வீட்டு விஷயத்தில் யார்மேலும் பொய்ப்பழி விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் பெயரால் இங்கே ஒருவர்மேல் விழ விடக்கூடாது.

கீத்தைக் கூப்பிட்டேன்.

7

சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "எங்க அப்பாதான் எடுத்தார். உங்க அம்மா படுத்த மெத்தைன்னு நினைச்சுட்டார். இறந்தவங்க படுத்ததை எங்க ஊரில் வீட்டில் வெச்சுக்க மாட்டோம். கெட்ட எண்ணத்தில் செய்யல. சுத்தம் பண்ணி முடிச்சா அந்த மூணு கோட்டைப் போட்டுட்டுத்தான் இறங்குவார்."

டீக் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நான் மனதுக்குள் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

"அது என் அம்மாவுக்குப் போட்டதுதான்" என்றார். "குளிருது குளிருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்களோட கடைசிக் குளிர்காலத்தில் நானே மேல ஏறிப் போட்டேன். அவங்க போன பிறகு அந்த ஏணியைத் தொடவே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏறிப் பார்த்திருக்கணும். வீட்டுக்காரன் வேலை அது. பார்த்திருந்தா முதல் வருஷமே தெரிஞ்சிருக்கும். நீங்க பூசணத்தைச் சொன்னப்பவும் ஜன்னலைத் திறங்கன்னு சொன்னேனே தவிர, ஏறிப் பார்க்கலை. என்னால முடியலை."

அம்மா இருமும் சத்தம் மேலிருந்து கேட்குமோ என்று பயமாக இருந்தது என்றார். ஓய்வு பெற்ற, அறுபது வயது தாண்டிய ஆள் இதைச் சொல்கிறார். எனக்குக் கேட்கிற காலடிச் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுருட்டிய பஞ்சைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை எல்லாம் சண்முகத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் மேலே ஏறி விட்டங்களுக்கு நடுவில் அதைப் பரப்பினார்கள். என் அப்பா வெறுங்கையோடு, பனியனோடு அள்ளியதை நினைத்துக்கொண்டு நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். உத்திரத்தில் இருந்த திருநீற்றை என்ன செய்வது என்று சண்முகம் ஆங்கிலத்திலேயே என்னைக் கேட்டதற்கு கீத்தே பதில் சொன்னார்: "அது இருக்கட்டும். வேலை முடிந்ததற்கு அடையாளம்தானே?"

வீடு மறுபடி இ-க்கு வந்துவிட்டது. கவுன்சிலில் கோப்பை மூடிவிட்டார்கள். இனியா அறையின் மூலையில் துடைத்த இடம் வெள்ளையாகவே இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது என்று சொல்லக் கூசுகிறது, கண் பட்டுவிடும். குறைந்திருக்கிறது. காற்றடித்தாலும் மேலே எந்தச் சத்தமும் இல்லை. பஞ்சு சத்தத்தையும் தின்றுவிடும் என்கிறார் சண்முகம். அந்த நிசப்தத்தில் எனக்குத் தூக்கம் வராமல் போனது.

8

மாசியில் இன்னொரு தடவை பனி பெய்தது. காலையில் வாசலுக்குப் போன இனியா அங்கேயே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். தெரு நீளத்துக்கும் ஒரே வெள்ளை. எங்கள் வீடு எது என்று கூரையைப் பார்த்து இனிமேல் யாரும் சொல்ல முடியாது. சந்தோஷப்படவேண்டிய காட்சி. என் பிள்ளைக்குச் சேரவேண்டிய சூடு ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

"அம்மா" என்றாள். அபூர்வமாக, முழு வாக்கியமும் தமிழில் வந்தது. "தாத்தாவுக்கு இப்ப குளிருமா?"

கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அன்று எனக்கு விடுமுறை. வீட்டுக்கு வந்ததும் ஹீட்டரைக் கூட்டி வைத்தேன், ஏணியைப் போட்டுப் பரண் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தேன். சூடு மேலே போவது கண்ணுக்குத் தெரியாது. ஏணியின் உச்சியில் நின்றால் பிடரியைத் தொட்டுக்கொண்டு போவது மட்டும் தெரியும்.

அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு மாடியறையில் கணினியோடு உட்கார்ந்திருந்த சண்முகம் எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, அம்புட்டுச் சூடும் மேல போகுதே!"

"போகட்டும்ங்க" என்றேன். "செத்த நேரம் தொறந்து கெடக்கட்டும்."